யாழ்ப்பாணச் செம்மறி: நான் விட்ட பிழையை நீங்களும் விடாதீர்கள்

போன கிழமை வடமராட்சியில் ஒரு தம்பியின் கொட்டிலுக்குப் போயிருந்தேன். பத்துச் செம்மறி வாங்கி ஆறு மாதம்; அதில் நாலு செத்துவிட்டது. "மாதாமாதம் எல்லாத்துக்கும் ஒரு மூடி புழு மருந்து குடுக்கிறனான் அண்ணை, பிறகும் சாகுது" என்றான். ஒரு காலத்தில் நானும் அதே மூடியோடு நின்றவன்தான். தண்ணீர் வைப்பது, கொட்டில் கூட்டுவது எல்லாம் தெரிந்த விஷயம், அதை விடுவோம். செம்மறி வளர்ப்பில் வழக்கமாக விடும் பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கம்பளிக்காக வாங்குவது

எங்கள் ஊர்ச் செம்மறியின் உடம்பில் இருப்பது மயிர். இறைச்சிக்கும் தோட்ட எருவுக்கும்தான் இந்த இனம்.

மாட்டுக்கான தாது உப்பைக் கொடுப்பது

வேண்டாம். அதிலுள்ள செப்பு செம்மறியின் ஈரலில் சேர்ந்து சேர்ந்து, ஒருநாள் கொன்றுவிடும்.

ஒரு மூடி மருந்து

அது திருவெம்பாவைக் காலம். வல்லை வெளியில் மழைப் புல் நன்றாக வந்திருந்தது. விடியப்புறமே ஆடுகளை அவிழ்த்து விடுவேன். ஒரு மறிக்குத் தாடைக்குக் கீழே வீங்கியிருந்தது. தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி மெத்தென்று இருக்கும். கொழுத்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் செத்தது. மிருக வைத்தியர் இரைப்பையை அறுத்துக் காட்டினார்: சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்போலப் புழுக்கள், சுவர் முழுக்க. அந்த மாரியில் ஏழு ஆடு போனது.

இந்தப் புழு இரத்தம் குடிப்பது. பெண் புழு ஒன்றே ஒருநாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டை புழுக்கையோடு விழுந்தால், ஈரமும் சூடும் இருக்கிற எங்கள் மாரியில் ஒரு கிழமைக்குள் குஞ்சுப் புழு புல்லில் ஏறிவிடும். வெள்ளாடு குழையை எட்டிக் கடிக்கும். செம்மறியோ நிலத்தோடு மேயும். அதனால் வெள்ளாடு வளர்த்த அனுபவத்தை நம்பி இறங்குகிறவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள்.

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது அந்த மூடியை நினைத்துத்தான். தம்பியின் ஆடுகளைத் தொங்கு தராசில் நிறுத்தோம். பெரியது 27 கிலோ, சிறியது 14. இரண்டுக்கும் அதே ஒரு மூடி! பெரியதுக்கு மருந்து போதாமல் போக, தப்பிய புழுதான் பெருகும்; அடுத்த முறை அதே மருந்து அந்தப் புழுக்களிடம் எடுபடாது. எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் கொடுத்தாலும் இதே கதி.

செய்ய வேண்டியது இது. கீழ் இமையை விரலால் இழுத்து உள்நிறத்தைப் பாருங்கள். சாதாரணமாக இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மாரியில் கிழமைக்கு ஒருமுறை. நல்ல சிவப்பென்றால் மருந்து தேவையில்லை. வெளிறியிருந்தால் நிறை பார்த்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். தென்னாபிரிக்காவில் உருவான 'ஃபமாச்சா' அட்டை இதே நிறத்தை ஐந்து படியாகப் பிரித்துக் காட்டும். காலையில் பனி காயும்வரை அவிழ்க்காதீர்கள். தம்பியிடம் மிஞ்சிய ஆறில் மூன்றுக்கு இமை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

புதுச் சினைக்கு அல்பெண்டசோல்

அல்பெண்டசோல் ஒரு புழு மருந்து. கிடாய் சேர்ந்த முதல் மாதத்தில் கூடாது. குட்டி ஊனமாகப் பிறக்கலாம்.

பெரிய கிடாய்க்கு ஆசைப்படுவது

வெளியினக் கிடாயை விட்டால் எங்கள் இனம் கலந்து அழியும். அதற்காக ஒரே கிடாயை அதன் மகள்மாரோடு விடுவதும் சரியில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வேறு பட்டியிலிருந்து இதே இனக் கிடாயாக மாற்றுங்கள். என் கிடாயைத் தை பிறந்ததும் கோப்பாயில் ஒருவருடைய கிடாயோடு மாற்றுவதாகப் பேசி வைத்திருக்கிறேன்.