விமானத்தில் ஆயுதக் காவலர்: விவாதப் போட்டிக்குத் தயாராவது எப்படி?

குன்னூர், கோத்தகிரிப் பள்ளிகளில் விவாதப் போட்டிகளுக்கு நடுவராகச் சென்றுவரும் எனக்கு, ‘பயணிகள் விமானத்தில் ஆயுதம் தாங்கிய காவலர் தேவையா?’ என்ற தலைப்பில் மாணவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்பது ஓரளவு தெரியும்.

முதலில், பேச்சு யாரைப் பற்றியது என்பதை வரையறுத்துக்கொள்ளுங்கள். நிலைய வாசலில் சீருடையுடன் நிற்பவரைப் பற்றியதன்று. சாதாரண உடையில் பயணிகளுள் ஒருவராக அமர்ந்து வரும் ‘ஸ்கை மார்ஷல்’ பற்றியது. 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஐ.சி. 814 கடத்தப்பட்டு, அமிர்தசரஸ், லாகூர், துபாய் வழியாகக் காந்தஹார் சென்றது. சிறையிலிருந்த மூவரை அரசு விடுவித்த பிறகே எஞ்சிய பயணிகள் மீண்டார்கள். ஆதரவு அணி இங்கிருந்து தொடங்கலாம். ஆனால் ‘ஆயுதம் உள்ளே ஏறியது எப்படி?’ என்று எதிரணி கேட்டால், வாதம் தரைச் சோதனையின் பக்கம் திரும்பிவிடும் என்பதால் அதற்கான பதிலும் கையில் இருக்க வேண்டும்.

அடுத்து, இரண்டு நிகழ்வுகளைச் சேர்த்தே படியுங்கள். 1970 செப்டம்பர் 6 அன்று இஸ்ரேலின் எல் அல் நிறுவன விமானத்தில் நடந்த கடத்தல் முயற்சி, விமானி விமானத்தைத் திடீரெனத் தாழ்த்தியதாலும் உள்ளே காவலர் இருந்ததாலும் முறிந்தது. 1986 டிசம்பர் 25 அன்று ஈராக் விமானத்திலும் காவலர்கள் இருந்தார்கள். மோதலில் கையெறி குண்டு வெடித்து, விமானம் சவூதி அரேபியாவில் விழுந்து, 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஒரு தோட்டா பட்டாலே விமானம் பலூன்போல வெடிக்கும் என்று பேசாதீர்கள், அது சினிமா. சிறு துளையில் கசியும் காற்றை அழுத்த அமைப்பு ஈடுசெய்துவிடும். உண்மையான அபாயம், குறி தவறினால் பின்னிருக்கைக்காரர் மேல் படுவதே. வெலிங்டன் பக்கம் ஓய்வுபெற்ற ராணுவத்தினர் பலர் வசிக்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து நெரிசலோடு ஏறிவரும் பேருந்துக்குள் சுட நேர்ந்தால் என்ன ஆகும் என்று அவர்களுள் ஒருவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் வலுப்படுத்தப்பட்ட விமானி அறைக் கதவே எதிரணியின் சிறந்த வாதம் என்பது என் கருத்து: கடத்துபவர் உள்ளே நுழைய முடியாதபோது காவலர் எதற்கு? அதற்கு மறுப்பாக ஆதரவு அணியினர் 2015 மார்ச் 24 ஜெர்மன்விங்ஸ் விமான விபத்தைச் சொல்வார்கள்: துணை விமானி தலைமை விமானியை வெளியே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டதில் 150 பேர் இறந்தனர். எதிரணியில் இருந்தால் பதற வேண்டாம், அந்தக் கதவுக்கு வெளியே ஒரு காவலர் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்று திருப்பிக் கேளுங்கள்.