ரோபோ கிளப்பை வளர்க்கிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

சென்ற மாதம் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் புதிதாகத் தொடங்கிய ரோபோட்டிக்ஸ் கிளப்பைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அழைத்தார்கள். ஆசிரியருக்கு ஆர்வம் இருக்கிறது, பிள்ளைகளுக்கும் இருக்கிறது. ஆனால் அறைக்குள் கால் வைத்த ஐந்து நிமிடத்திலேயே, எங்கள் பள்ளி கிளப்பின் தொடக்க காலத்தில் நான் செய்த தவறுகள் ஒவ்வொன்றாக என் கண்ணில் பட்டன. கிருஷ்ணகிரிக்குத் திரும்பும் பஸ்ஸில் மனம் ஆறவே இல்லை.

பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுப்பது, ரோபோவை நிரலின்படி இயக்கும் சிறு மின்பலகையான ஆர்டுயினோவின் முனையில் மோட்டாரை நேரடியாகச் செருகுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை புகை வந்தால் பிள்ளைகளே கற்றுக்கொள்வார்கள். புகை வராத தவறுகள்தான் கிளப்பைக் கொல்கின்றன.

அலமாரி நிறையப் பொருள்

2016இல் தொடங்கிய மத்திய அரசின் அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ், பிள்ளைகள் தம் கையால் செய்து பார்க்கும் அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்குத் தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆய்வகம் அமைக்க 10 லட்சம், அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் நடத்த 10 லட்சம் என்று அதைப் பிரித்திருக்கிறார்கள். அமைக்கிற அளவுக்கு நடத்துவதற்கும் செலவாகும் என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? நிதியோ நன்கொடையோ எது வந்தாலும், விலை உயர்ந்த ஒரு மனித உருவ ரோபோவை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவிடுகிறோம். உடைந்துவிடும் என்ற பயத்தில் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை.

நான் இப்போது பள்ளி திறக்கும் முன்பு ஓசூர் வழியாகப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய், மஞ்சள் நிற கியர் மோட்டார்களையும் ஜம்பர் வயர்களையும் மொத்தமாக வாங்கி வருகிறேன். ஆண்டு முடிவதற்குள் பாதி உடைகிறது. உடையட்டும்.

சதுர 9 வோல்ட் பேட்டரி

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டருக்குப் போடுங்கள். மோட்டாருக்கு வேண்டாம்.

கெட்டிக்காரன் ஒருவனிடம் கிளப்பை ஒப்படைத்தல்

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் கிளப்பின் மூன்றாம் ஆண்டில் ஒரு மாணவன் இருந்தான். சொல்லி முடிப்பதற்குள் செய்துவிடுவான். கறுப்புக் கோட்டைப் பின்பற்றிப் போகும் ரோபோவை அவனே கட்டினான், நிரலை அவனே எழுதினான், போட்டியில் பரிசும் வாங்கினான். காலை வணக்கக் கூட்டத்தில் சால்வை போர்த்தினோம். மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். கிளப் வளர்ந்துவிட்டது என்று நான் மனதார நம்பினேன்.

அவன் பிளஸ் டூ முடித்துச் சேலத்தில் கல்லூரியில் சேர்ந்தான். ஜூனில் புதிய பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று பெட்டியைத் திறந்தேன். ரோபோவில் இருந்த வயர்கள் எல்லாம் ஒரே பச்சை. நான்கு வயர்கள் கழன்று தொங்கின. எது எங்கே போக வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நிரலின் நகலும் எங்களிடம் இல்லை.

ஊகித்து ஊகித்துச் செருகினோம். சுவிட்ச் போட்டால் விளக்கு எரியும். சக்கரம் ஒருமுறை துடித்து நின்றுவிடும். இன்னொரு முறை தானாகவே பின்னால் போகும். சென்சாரைச் சந்தேகித்து மாற்றினோம். ஆர்டுயினோ சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் விடும் மோட்டார் டிரைவரை மாற்றினோம். புது ஆர்டுயினோவே வாங்கினோம். மூன்று வாரம் போனது. கடைசியில் அவனுக்கு போன் செய்தேன்.

"சார், பேட்டரியின் மைனஸ் ஆர்டுயினோவின் கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறதா?" என்று கேட்டான்.

சேரவில்லை. மோட்டாருக்கு லித்தியம் செல்கள், ஆர்டுயினோவுக்குத் தனியாக ஒரு பவர் பேங்க் என்று வைத்திருந்தான். ஆர்டுயினோ 5 வோல்ட் அனுப்பினால், எந்தப் பூச்சியத்திலிருந்து ஐந்து என்று டிரைவருக்குத் தெரிய வேண்டும். இரண்டின் மைனஸும் ஒரு வயரால் இணைந்தால்தான் அந்தப் பூச்சியம் பொதுவாகும். ஒரு சாண் வயர்! அது இல்லாததால், ஜூனில் வந்த 23 பிள்ளைகளில் ஆகஸ்ட்டில் 6 பேர்தான் மிஞ்சினார்கள். ஓடாத ரோபோவின் எதிரில் எந்தப் பிள்ளை மூன்று வாரம் உட்காரும்? நான் இயற்பியல் ஆசிரியர், மின்னழுத்த வேறுபாட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் நடத்துகிறவன். அவன் பார்த்துக்கொள்வான் என்று ஓராண்டு முழுவதும் அந்த ரோபோவில் கை வைக்காமல் இருந்துவிட்டேன்.

ஊத்தங்கரைப் பக்கத்துப் பள்ளியிலும் பிளஸ் டூ மாணவன் ஒருவனைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் ஸ்க்ரூடிரைவர் தட்டைப் பிடித்தபடி நின்ற ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம், "நீ என்னம்மா செய்கிறாய்?" என்று கேட்டேன். "பேட்டரி செல்லைச் சார்ஜ் போடுவேன், சார்" என்றாள். கிளப் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறாளாம்.

இப்போது எங்கள் கிளப்பில் சிவப்பு வயர் பிளஸ்ஸுக்கு, கறுப்பு வயர் கிரவுண்டுக்கு. வேறு எதற்கும் அந்த நிறங்களைத் தொடக் கூடாது. நீள நோட்டு ஒன்று மேசைக் காலோடு கயிற்றில் கட்டிக் கிடக்கிறது. எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு வயர் போகிறது என்பதில் தொடங்கி, இரண்டு லித்தியம் செல்கள் தரும் 7.4 வோல்ட்டில் எல்298என் என்ற மோட்டார் டிரைவரே சுமார் 2 வோல்ட்டைத் தின்றுவிடும் என்பது வரை அதில் எழுத வேண்டும். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, நன்றாக ஓடுகிற ரோபோவைப் பிரித்துப் போட்டுவிடுவோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டை மட்டும் பார்த்து அதைத் திரும்பப் பூட்ட வேண்டும். முதலில் கட்டிய பிளஸ் ஒன் பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். வாயால் சொல்லலாம், தொடக் கூடாது. அவர்களுக்கு அது பெரிய வேதனை. சொல்லத் தெரியாமல் திணறும் இடத்தில்தான், தமக்கே எது புரியவில்லை என்று கண்டுகொள்கிறார்கள்.

இந்த ஒப்படைப்பு அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஜனவரிக்குப் பிறகு பிளஸ் டூ பிள்ளைகள் திருப்புதல் தேர்வுகளில் மூழ்கிவிடுவார்கள்.

பள்ளி விட்ட பிறகு கிளப்

பள்ளிக்குப் பக்கத்தில் வீடு உள்ள பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள். நம் மாவட்டத்தில், அதிலும் அஞ்செட்டி, தளி பக்கத்து மலைக் கிராமங்களில், மாலை பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளை இருட்டில்தான் வீடு போய்ச் சேர வேண்டும். பெண் பிள்ளை ஒருமுறை தாமதமாகப் போனால், மறுநாளிலிருந்து அனுப்ப மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வாரம் மூன்று நாள், மதிய இடைவேளையில் 30 நிமிடம் என்று மாற்றினோம். அந்த ஆண்டே மாணவிகள் கூடிவிட்டார்கள்.

அதிகாரி வரும் நாளுக்காகச் செய்யும் ரோபோ

செய்யாதீர்கள்.

வகுப்பறைக்குள் மட்டும் ஓட்டிப் பார்த்தல்

கறுப்புக் கோட்டைப் பின்பற்றும் ரோபோவின் சென்சார் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதைப் பார்க்கிறது. வெள்ளைத் தரை திருப்பி அனுப்பும், கறுப்புக் கோடு விழுங்கிவிடும். வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது. எனவே டியூப் லைட் வெளிச்சத்தில் அழகாக ஓடிய ரோபோ, பந்தல் ஓரம் வெயில் விழும் இடத்துக்கு வந்ததும் கறுப்பையும் வெள்ளை என்று எண்ணிக் கோட்டை விட்டு விலகிவிடும். போட்டி என்றால் எந்த வெளிச்சத்தில் ஓடப் போகிறதோ அந்த வெளிச்சத்தில் வைத்து, சென்சாரின் மேல் இருக்கும் சிறிய திருகைச் சரிசெய்யுங்கள்.

எங்கள் ரோபோவின் அடியில் இப்போது சென்சாரைச் சுற்றிக் கறுப்புச் சார்ட் தாளில் ஒரு பாவாடை தொங்குகிறது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வெட்டி ஒட்டினாள். தரையில் உரசாமல் இருக்க எத்தனை மில்லிமீட்டர் விட வேண்டும் என்பதைப் படம் போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.