கடை போர்டுக்குப் பழங்காலத்து எழுத்து வைப்பது எப்படி

ஆற்காட்டில் மக்கன் பேடா கடை வைத்திருக்கும் மாமா, புது போர்டுக்கு "அந்தக் காலத்து எழுத்து மாதிரி இருக்கணும்டா" என்றார். தடிப்பும் மெலிவும் மாறி மாறி வந்து, முனையில் சின்னக் காலும் சுழிப்புமாக நிற்குமே, செரிஃப் என்பார்கள், அதைத்தான் கேட்டார்.

முதலில் ஒன்று: இந்த எழுத்து பெயருக்கு மட்டும்தான். முகவரி, போன் நம்பர், விலை எல்லாம் சாதாரண எழுத்தில் இருக்கட்டும். அலங்கார எழுத்தைச் சின்னதாக்கினால் மெல்லிய கோடுகள் காணாமல் போய், தடித்த பாகம் மட்டும் திட்டுத் திட்டாக நிற்கும்.

ஆங்கிலத்துக்கு பிளேஃபேர் டிஸ்ப்ளே, அப்ரில் ஃபேட்ஃபேஸ் இரண்டும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், கடைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், டிரோ தமிழ் பாருங்கள். ஆனால் தமிழில் பழமை வருவது காலாலும் சுழிப்பாலும் மட்டும் இல்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு 'லை' தலையில் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த கொம்போடு இருந்தது, 'ணா' ஒரே எழுத்தாகச் சுழிந்து வந்தது. நம்ம பக்கம் அண்ணாமலை என்ற பெயருக்குப் பஞ்சமே இல்லை, அந்தப் பெயரில் இரண்டும் இருக்கிறது! ஃபாண்டில் அந்த வடிவம் இல்லாவிட்டால், போர்டு எழுதும் பெரியவர் யாரையாவது பிடித்துக் காகிதத்தில் வரைந்து வாங்கி ஸ்கேன் செய்துகொள்ளுங்கள், அதற்கு ஈடே கிடையாது.

அப்புறம், இடத்தை நிரப்ப எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டாதீர்கள். 'ராணிப்பேட்டை'யில் 'பே'யின் கொம்பு விலகி முன்னால் இருக்கும் 'ப்'போடு சேர்ந்த மாதிரித் தெரியும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. பெயரை நிஜ அளவில் ஏ4 தாள்களில் பிரிண்ட் எடுத்து, ஒட்டி, ஷட்டரில் மாட்டி, எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பொதுக் கணக்கு. 40 அடி என்றால் நான்கு அங்குலம், இந்த மாதிரி எழுத்துக்கு நான் ஆறு வைப்பேன். மாமா கடையில் அப்படிப் பார்த்தபோது 'பே'யின் மேல்சுழி அடைபட்டு 'பெடா' என்று தெரிந்தது, 'க்' மேலிருந்த புள்ளியும் போய்விட்டது. புள்ளியைப் பெரிதாக்கி, மெல்லிய கோடுகளைக் கொஞ்சம் தடிப்பாக்கிய பிறகுதான் சரியானது.

நிறத்தில், வெளிர் பின்னணியில் அடர் எழுத்து வைப்பது நல்லது. அடர் நிறத்துக்கு நடுவே வெள்ளை எழுத்து வைத்தால், மை பரவி மெல்லிய கோட்டைத் தின்றுவிடும்.

பிரிண்டுக்குக் கொடுக்கும் முன், டிசைன் செய்யும் மென்பொருளான கோரல் டிராவில் கண்ட்ரோல்-க்யூ அழுத்தி எழுத்தைக் கர்வ்ஸாக, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள், மாற்றாத காப்பி ஒன்றும் தனியாக இருக்கட்டும். ஒருமுறை நான் இதை மறந்துவிட்டேன். ஃபிளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் அந்த ஃபாண்ட் இல்லை, பத்தடி பேனர் முழுக்கக் கட்டம் கட்டமாக அச்சாகி வந்தது.