சென்சார் நல்லா இருக்கு, வயர்தான் போச்சு: என் அனுபவம்

காரில் ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் சி0035 என்ற பிழைக் குறியீடு, அதாவது முன் இடது சக்கர வேக சென்சார். பட்டறையில் சென்சாரை மாற்றச் சொன்னார்கள். ஆனால் அந்தக் குறியீடு சென்சாரை மட்டுமல்ல, வயர், கனெக்டர் எல்லாம் சேர்ந்த சர்க்யூட்டையே குறிக்கும். அதனால் நானே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

நண்பர் ஓட்ட, நான் ஸ்கேனரில் லைவ் டேட்டாவை (அந்தந்த நொடியின் சக்கர வேகங்களை) கவனித்தேன். நேராகப் போகையில் நான்கு சக்கரமும் ஒரே வேகம். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்ததும் முன் இடது மட்டும் சட்டென்று 0. ஸ்டீயரிங்கோடு சேர்ந்து வரும் கோளாறு என்றால் வயர்மேல்தான் முதல் சந்தேகம்.

இது இரண்டு வயர் ஆக்டிவ் சென்சார், அதாவது மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை. சுமார் 7, 14 மில்லி ஆம்பியர் என மாறி மாறி சிக்னல் தரும். பழைய காயில் வகைபோல் ஓம்ஸ் (மின்தடை) பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. வயரிலும் மீட்டர் கன்டின்யூட்டி (இணைப்பு அறுபடவில்லை என்று) காட்டியது. ஆனால் அதை நம்ப முடியாது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும்! அதனால் கூடுதல் மின்சாரம் இழுக்கும் பல்பை வைத்துப் பார்த்தேன்.

இக்னிஷனை அணைத்து, சென்சார், மாட்யூல் (ஏ.பி.எஸ். கட்டுப்பாட்டுப் பெட்டி) இரண்டு பக்கக் கனெக்டரையும் கழற்றி, அந்த வயர் வழியாக பேட்டரியிலிருந்து 5 வாட் பல்பை எரியவிட்டேன். மாட்யூல் மாட்டியிருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. வயரை அங்குலம் அங்குலமாக அசைத்தேன். சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டில் வயரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் அருகே அசைத்தபோது பல்ப் அணைந்தது. மேலுறையில் கீறலே இல்லை. இழுத்தால் அந்த இடம் மட்டும் ரப்பர்போல் நீண்டது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது.

அடிக்கடி மடங்கும் இடத்தில் சால்டர் விறைத்து மறுபடி முறியும். கெட்ட பகுதியை வெட்டி, அதே கனத்தில் புது வயரை கிளாம்ப்புக்கு அப்பால் கிரிம்ப் செய்து (அழுத்தி இணைத்து), பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டு, இரண்டு வயரையும் முன்புபோல் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டேன். ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்து ஓட்டியதும் விளக்கு அணைந்தது.