முருங்கைக்கீரையைப் பொடியாக்கி விற்க: பினாங்குச் சிறு தோட்டக்காரர்கள் செய்ய வேண்டியவை

கட்டுக் கட்டாகச் சந்தையில் விற்கிற வரை முருங்கைக்கீரையை யாரும் அதிகம் கேள்வி கேட்பதில்லை. அதையே காயவைத்து அரைத்துப் பாக்கெட்டில் போட்டால் நீங்கள் உணவு உற்பத்தியாளர். மலேசியாவின் 1983 உணவுச் சட்டம், 1985 உணவு ஒழுங்குமுறை, 2009 உணவுச் சுகாதார ஒழுங்குமுறை மூன்றும் வந்துவிடும். பெரும்பாலும் வேலை தலைகீழாகத்தான் நடக்கிறது: முதலில் லேபிள் அச்சாகும், பிறகு அனுமதிக்கு அலைச்சல். நிலத்திலிருந்து தொடங்குங்கள்.

செபராங் பிறையில் அரசு நிலத்தில் டி.ஓ.எல். (தற்காலிக நில உரிமம்) வாங்கிப் பயிர் செய்பவர்கள் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எந்த மாதம் வாங்கினாலும் அந்த உரிமம் டிசம்பர் 31-இல் முடிந்துவிடும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அடுத்தது, அது கைமாறாது. அப்பா பெயரில் இருந்தால் அவர் இறந்த அன்றோடு செல்லாது. பிள்ளை புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய ரசீதை வைத்துக்கொண்டு காலம் தள்ளினால், விவசாய இலாகாவில் மைகேப் (நல்ல விவசாய முறை) சான்றிதழுக்குப் போகும்போது நில ஆதாரம் கேட்பார்கள், அங்கே சிக்கும்.

அடுத்தது பூச்சிமருந்து. இதைத்தான் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 10 கிலோ பச்சை இலை காய்ந்தால் ஏறக்குறைய 2 கிலோதான் மிஞ்சும். போவது தண்ணீர், தெளித்த மருந்தின் எச்சம் பெரும்பாலும் இலையிலேயே தங்கிவிடும். பச்சை இலையில் கொஞ்சமாக இருந்தது பொடியில் நான்கைந்து மடங்கு செறிவாகிவிடும். அனுமதிக்கப்பட்ட எச்ச அளவுகள் 1985 ஒழுங்குமுறையின் 16-ஆவது அட்டவணையில் உள்ளன. பொடிக்கென்று ஒதுக்கிய மரங்களுக்கு மருந்தே அடிக்காமல் இருப்பது நல்லது. அடித்தே ஆக வேண்டும் என்றால், மருந்தடித்த பிறகு காத்திருக்க வேண்டும் என்று போத்தலில் போட்டிருக்கும் இடைவெளி நாள் முடியாமல் இலை பறிக்காதீர்கள். தேதி, மருந்தின் பெயர், அளவு, எந்த வரிசை, பறித்த நாள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கொட்டகையில் பழைய பாராகுவாட் களைக்கொல்லி கிடந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது, 1.1.2020 முதல் அதற்குத் தடை.

வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். (நிறுவனங்கள் ஆணையம்) பதிவு வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைப்பெயர் வைத்தால் 60 வெள்ளி.

இடத்துக்கு வருவோம். வீட்டுப் பின்கட்டில் அரவை மெஷின் போடும் எண்ணமிருந்தால், சிமெண்ட் பூசுவதற்கு முன்பே மாநகர் மன்றத்தில் கேட்டுவிடுங்கள். குடியிருப்பு நிலத்தில் அனுமதி கிடைக்காமல் போகலாம். அனுமதி கிடைத்ததும் சுகாதார அமைச்சில் வளாகப் பதிவு, பிறகு மெஸ்தி (அமைச்சு தரும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ்). மெஸ்திக்கு அமைச்சு கட்டணம் வாங்குவதில்லை. ஏஜெண்டு கேட்பது படிவம் நிரப்பும் கூலி. குடும்பச் சமையலும் பொடி வேலையும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. கைகழுவும் சிங்க் தனி, இலை கழுவும் சிங்க் தனி. ஜன்னலுக்கு வலை போடுங்கள். கழிவறைக் கதவு வேலை அறைக்குள் திறக்கக் கூடாது. வேலை செய்பவர் எல்லாரும், உதவிக்கு வரும் அத்தையும் சேர்த்து, உணவு கையாளுவோர் பயிற்சி முடித்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தைஃபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும்.

இலையை நிழலில், கையில் நொறுங்கும் வரை காயவிடுங்கள். அரைத்த சூட்டோடு பாக்கெட்டை ஒட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு அரவைக்கும் தேதியையே எண்ணாகக் கொடுங்கள்: 260315 என்றால் 2026 மார்ச் 15. எந்த அரவை எந்தக் கடைக்குப் போனது என்று குறித்திருந்தால், புகார் வரும்போது அந்த எண்ணை மட்டும் திரும்ப எடுக்கலாம். இல்லாவிட்டால் எல்லாச் சரக்கையும் அள்ள வேண்டியதுதான்.

லேபிள் மலாயில் இருக்க வேண்டும், கூடவே தமிழும் போடலாம். மேலே 'செர்புக் டாவுன் மெருங்கை' (முருங்கை இலைப் பொடி), அடுத்து உட்பொருள்கள் (எடை அதிகமானது முதலில்), 'பெராட் பெர்சே 100 கிராம்' (நிகர எடை), தயாரிப்பாளர் பெயர், முகவரி. 'தாரிக் லுப்புட்' என்று காலாவதி தேதியும் போட்டுவிடுங்கள். எடை போடும் தராசு வியாபாரத்துக்கு அங்கீகரிக்கப்பட்டதாக, ஆண்டுதோறும் சோதித்து முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். கேக் செய்ய வாங்கிய சமையலறைத் தராசு ஆகாது.

'ஹலால்' என்ற சொல்லை, சைவப் பொருள்தானே என்று நீங்களாகப் போட்டுவிடாதீர்கள். ஜாக்கிம் (மத்திய இஸ்லாமிய மேம்பாட்டு இலாகா) அல்லது மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழ் இல்லாமல் போடுவது 2011 ஹலால் சான்றிதழ், முத்திரை ஆணைப்படி குற்றம். சான்றிதழ் வாங்குவது கட்டாயம் இல்லை.

'இனிப்பு நீர் (நீரிழிவு) குறையும்', 'ரத்தக் கொதிப்பு இறங்கும்' போன்ற வரிகளும் வேண்டாம். 1956 மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இந்த நோய்களைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. அப்படி எழுதினால் பொடி மருந்துக் கணக்கில் போய், பதிவு எண் கேட்பார்கள். முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதுவதும் விளம்பரம்தான். 'சாம்பாரில், தோசை மாவில் ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம்' என்று எழுதினால் ஒருவரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.