ஆட்டம் யார் பிடியில்? டிவியில் பார்த்தே கண்டுபிடிக்கும் வழி

கால்பந்து பார்க்கும்போது திரையில் ‘பந்து வசம் 70%’ (பந்து ஓர் அணியிடம் இருந்த நேரத்தின் பங்கு) என்று வந்ததும் ஆட்டம் அந்த அணியின் பிடியில் இருக்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிராக ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேல் பாஸ் போட்டது. ஆட்டம் 1-1, பெனால்டி ஷூட் அவுட்டில் ஸ்பெயின் வெளியேறியது. 2022இல் மொராக்கோவிடமும் அதே கதைதான், இம்முறை 0-0.

பந்து பறிபோன அடுத்த ஐந்து விநாடிகளைக் கவனியுங்கள். எல்லா அறிகுறிகளிலும் இதைத்தான் அதிகம் நம்பலாம். ஆட்டத்தைப் பிடியில் வைத்திருக்கும் அணியில், பக்கத்தில் நிற்கும் இரண்டு மூன்று பேர் உடனே பந்துக்காரரை நெருக்குவார்கள். பின்வரிசை பதறாது, நிற்க வேண்டிய இடத்தில் ஏற்கெனவே நிற்கும். எதிரணி வேறு வழியின்றி நீளமாக உதைக்க, பந்து திரும்பி வந்துவிடும். அப்படியில்லாமல் டிஃபென்டர்கள், அதாவது தற்காப்பு வீரர்கள், தங்கள் கோலை நோக்கித் தலைதெறிக்க ஓடினால், அதற்கு முன் போட்ட முப்பது பாஸும் வீண்.

இதை முன்கூட்டியே கணிக்க, அணி தாக்கும்போது பந்தை விட்டுவிட்டு நடுக்கோட்டுப் பக்கம் பாருங்கள். எதிரணி இரண்டு பேரை முன்னால் விட்டிருந்தால், அவர்களைக் காக்க மூன்று பேராவது வேண்டும். அந்த மூவருக்கு முன்னால் ஒரு மிட்ஃபீல்டரும் (நடுக்கள வீரர்) வேண்டும். ஓரத்து டிஃபென்டர்கள் இருவரும் ஒரே நேரத்தில் மேலேறி, பின்னால் இருவர் மட்டும் மிஞ்சினால் கவுன்டர் அட்டாக்கை (பந்தைப் பறித்ததும் வரும் எதிர்த் தாக்குதலை) வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரிதான்.

அடுத்து, பந்து எங்கே சுற்றுகிறது? ஓரத்திலிருந்து சென்டர் பேக் (நடுவில் நிற்கும் டிஃபென்டர்), அங்கிருந்து மறு ஓரம் என்று பின்னாலேயே சுற்றினால், எதிரணி அதைத் தெரிந்தேதான் அனுமதிக்கிறது. எதிரணி மிட்ஃபீல்டர்களுக்குப் பின்னால் நிற்பவருக்குப் பந்து போய், அவர் கோல் பக்கம் திரும்பவும் முடிகிறது என்றால் கதை வேறு. கோல்கீப்பருக்குத் திருப்பித் தருவதைப் பயம் என்று எண்ண வேண்டாம். அவருடைய அடுத்த பாஸ் ஆளில்லாமல் நிற்கும் சகவீரருக்குப் போனால் நிதானம். கோட்டுக்கு வெளியே போனால் நெருக்கடி.

பந்தே இல்லாமலும் ஆட்டத்தைக் கட்டுக்குள் வைக்கலாம். 2010 சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்புகளின் தொடர்) அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில், பார்சலோனாவின் கேம்ப் நோ மைதானத்தில் இன்டர் மிலானின் தியாகோ மோட்டா முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கினார். பத்துப் பேரோடு ஆடிய இன்டர் 0-1 எனத் தோற்றாலும், இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 3-2 என இறுதிக்குப் போனது. கடைசி நிமிடங்களில் இன்டர் ரசிகர்களுக்கு உயிர் தொண்டைக்குழிக்கு வந்திருக்கும், அது வேறு. இப்படிப்பட்ட ஆட்டங்களில் ஷாட்கள் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்தும், ஓரத்திலிருந்து தூக்கியடிக்கும் கிராஸ்களாகவுமே வந்தால் தற்காப்பு தாங்குகிறது. பெட்டிக்குள் டிஃபென்டர்கள் தங்கள் கோலைப் பார்த்தபடி ஓட வேண்டியிருந்தால் தாங்கவில்லை.

ஒரு ஷாட்டையோ ஒரு கோலையோ வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், பதினைந்து நிமிடமாவது பாருங்கள். 65ஆம் நிமிடத்துக்கு மேல் கால் சோரும்போது மறுபடி சரிபாருங்கள். அதற்கு அளவுகோல் மைதானத்திலேயே இருக்கிறது: மைய வட்டத்தின் விட்டம் சுமார் 18.3 மீட்டர். பந்து எதிரணியிடம் இருக்கும்போது, முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே இரண்டு வட்டம் அடங்கினால் அணி இன்னும் சேர்ந்து நிற்கிறது. மூன்று வட்டம் அடங்கினால், 1-0 என்று முன்னிலையில் இருந்தாலும் பயிற்சியாளர் மாற்று ஆளை இறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.