ஒரே கிதாரில் இரண்டு பேர்: டிராவிஸ் பிக்கிங் பழகலாம் வாங்க

அமெரிக்க நாட்டுப்புறப் பாணியான கன்ட்ரி இசையின் கிதாரைக் கண்ணை மூடிக் கேட்டால் சில சமயம் இரண்டு பேர் வாசிப்பதுபோல இருக்கும். தடித்த தந்திகளில் தாளம் நடந்துகொண்டே இருக்க, மெல்லிய தந்திகளில் பாட்டு ஓடும். ஆனால் வாசிப்பவர் ஒருவர்தான். 1917-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், மியூலன்பர்க் என்ற சுரங்கப் பகுதியில் பிறந்த கிதார் கலைஞர் மெர்ல் டிராவிஸின் பெயரால் இந்த முறையை டிராவிஸ் பிக்கிங் என்கிறார்கள். அவரும் இதைத் தன் ஊரில் மோஸ் ரேகர், ஐக் எவர்லி போன்றவர்கள் வாசிப்பதைப் பார்த்துத்தான் கற்றார்.

சி, ஜி, ஏ மைனர் கார்டுகளை (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடிகளை) தடுமாறாமல் பிடிக்கத் தெரிந்தால் நீங்கள் தொடங்கலாம்.

படி 1: கட்டைவிரல் மட்டும்

சி கார்டைப் பிடியுங்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். மிக மெல்லிய தந்தி 1, மிகத் தடித்தது 6 என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் வலது கட்டைவிரலால் ஒரு தந்தி: 5, 4, 5, 4. அவ்வளவுதான். மற்ற விரல்கள் சும்மா இருக்கட்டும்.

இதில் ஒரு வாரமாவது செலவிடுங்கள் என்று கெஞ்சியே கேட்பேன். இந்த முறையில் திணறுபவர்களில் பெரும்பாலானோருக்கு விரல்களில் குறை இருக்காது. கட்டைவிரல் தானாக ஓடப் பழகியிருக்காது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே 5, 4, 5, 4 வாசித்துப் பாருங்கள். பேச்சும் தடைபடாமல் தாளமும் நழுவாமல் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: உள்ளங்கையால் அடக்குதல்

வலது உள்ளங்கையின் அடிப்பகுதியை, தந்திகள் பிரிட்ஜை (கிதாரின் உடல்மேல் அவற்றைத் தாங்கும் கட்டையை) தொடும் இடத்தில், தடித்த மூன்று தந்திகள் மேல் லேசாகச் சாய்த்து வையுங்கள். பேஸ் ஒலி இழுபடாமல் 'டும்' என்று விழுந்து உடனே அடங்க வேண்டும். அரை விரற்கடை முன்னே தள்ளினால் ஒலி செத்துவிடும். பின்னே போனால் அடங்காது. சரியான இடம் கிடைக்கும்வரை கையை நகர்த்திக் கேளுங்கள். மெல்லிய தந்திகள் மேல் கை படக் கூடாது, அவை மணிபோல ஒலிக்க வேண்டும்.

படி 3: விரல்களைச் சேர்த்தல்

எண்ணுவதற்கு நம் தமிழ் எண்களே கச்சிதம். ஒண்-ணு, ரெண்-டு, மூ-ணு, நா-லு. ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. முதல் துண்டு எப்போதும் கட்டைவிரலுக்கு. இரண்டாவது துண்டு விரல்களுக்கு.

ஒண்: கட்டைவிரல் 5, நடுவிரல் 1, இரண்டும் சேர்ந்து கிள்ளுவதுபோல
ணு: ஓய்வு
ரெண்: கட்டைவிரல் 4
டு: ஆள்காட்டி விரல் 2
மூ: கட்டைவிரல் 5
ணு: நடுவிரல் 1
நா: கட்டைவிரல் 4
லு: ஓய்வு

வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். குழம்பினால் விரல்களை நிறுத்துங்கள், கட்டைவிரலை மட்டும் நிறுத்தாதீர்கள். நான்கு நிமிடம் பிசகாமல் வந்தால் மெட்ரோனோமில் 5 கூட்டலாம்.

எத்தனை விரல் என்று கவலைப்பட வேண்டாம். டிராவிஸ் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்தே வாசித்தார். அவரை வானொலியில் மட்டும் கேட்ட, பின்னாளில் புகழ்பெற்ற கிதார் கலைஞரான இளம் செட் அட்கின்ஸ், இத்தனை ஒலிக்கு இன்னும் விரல்கள் வேண்டும் என்று நினைத்துப் பழகினார். அதுவே அவருடைய தனி பாணியாகிவிட்டது.

படி 4: கார்டு மாற்றம்

ஏ மைனருக்கும் 5, 4 தான். ஜி-க்குக் கட்டைவிரல் 6, 4 என்று போகும். விரல்களின் வேலை மாறாது.

படி 5: பாட்டு

சி கார்டில் உங்கள் சுண்டுவிரல் காலியாக இருக்கிறது அல்லவா? 'ஒண்' வரும்போது அதை முதல் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வையுங்கள், 'மூணு'வின் 'ணு'வுக்குள் எடுத்துவிடுங்கள். ஒரே தந்தியில் இரண்டு சுரம், கீழே நிற்காத தாளம். அப்புறம் அதே சுண்டுவிரலை இரண்டாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டிலும் வைத்துப் பாருங்கள். அது 'டு'வில் ஒலிக்கும். இந்த இரண்டு இடங்களை மட்டும் மாற்றி மாற்றி வாசித்தாலே, அந்த இரண்டாவது ஆள் உங்கள் கிதாருக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிடுவார்.